‘இயற்கைப் பிரசவம்’ என்னும் சொல்லுக்கு ஒரு மறுப்பு

‘இயற்கைப் பிரசவம்’ என்னும் தொடரை நான் மறுக்கிறேன். அது சுட்டும் நிகழ்வோடு எனக்குப் பகையில்லை. தேவையற்ற அறுவைச் சிகிச்சை இன்றி, அச்சமின்றி, தன் விருப்பம் கேட்கப்பட்டு ஒரு பெண் மகப்பேறு காண்பது அவளுடைய உரிமை. அவ்வுரிமையைச் சந்தைச் சரக்காக மாற்றிவிடுகிறது இந்தப் பெயர் என்பதே என் வாதம்.

நான் ஆய்வு செய்துவரும் ஐதராபாத்தில், ஒரு குடியிருப்பு வளாகத்தில் அண்மையில் சமூகச் சந்தை கூடியது. சிறுதானியம், செக்கெண்ணெய், மரப்பொம்மைகளுக்கு நடுவே பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் தனிக் கடைகள் இருந்தன. மூச்சுப் பயிற்சி, நீர்த்தொட்டிப் பிரசவம், ‘கர்ப்ப சம்ஸ்காரம்’, குழந்தையைக் கட்டிச் சுமக்கும் துணி என யாவும் அங்கே கிடைத்தன. கடை வைத்திருந்தோர் நல்லெண்ணம் உடையவர்களே. பயனுள்ள செய்திகளையும் சொன்னார்கள். ஆயினும் எல்லோருடைய பேச்சும் ஒரே இடத்தில் வந்து நின்றது: நம் பாட்டிமார் இப்படித்தான் பெற்றெடுத்தார்கள்.

பாட்டிமாரிடம் அந்தச் சொல்லே இல்லை. ‘இயற்கைப் பிரசவம்’ என்பதற்கு மூலமான ஆங்கிலத் தொடரைப் பரப்பியவர் கிரான்ட்லி டிக்-ரீட் என்னும் ஆங்கிலேய மருத்துவர். 1933-இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே அதுதான். ‘நாகரிகமடையாத’ பெண்கள் வலியின்றிப் பெறுகிறார்கள் என்பது அவர் நம்பிக்கைகளுள் ஒன்று. காலனியக் காலத்து அந்த ஐரோப்பியக் கற்பனைதான் இன்று பாரதப் பாரம்பரியம் என்ற பெயரில் நமக்கே திரும்பி வருகிறது. பாட்டிமார் சொன்னது ‘சுகப்பிரசவம்’. சுகம் என்பது பெற்றவளின் நிலையைக் கூறும் அடை. இயற்கை என்பதோ பெற்ற முறையைக் கூறுவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நாம் நகர்ந்தபோது பார்வையிலிருந்து விலகியவள் தாய்.

மேலும், பிழைத்த பாட்டிமாரே நமக்குக் கதை சொன்னார்கள். 2004–06-இல் இந்தியாவில் ஒரு லட்சம் உயிருடன் பிறந்த குழந்தைகளுக்கு 254 தாய்மார் இறந்தனர். 2018–20-இல் அது 97 ஆகக் குறைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் மருத்துவ நிலையங்களில் நிகழும் பிரசவம் 38.7 விழுக்காட்டிலிருந்து 88.6 ஆக உயர்ந்தது. மகப்பேறு இறப்பு குறைந்ததற்குக் காரணங்கள் பல. ஆனால் மருத்துவமனையை ஒதுக்கிவிட்டு அந்தச் சரிவை எவராலும் விளக்க முடியாது.

அதனால் மருத்துவமனை குற்றமற்றது என்றாகிவிடாது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தெலங்கானாவில் சிசேரியன் 60.7 விழுக்காடு, நாகாலாந்தில் 5.2. நாடு முழுவதும் அரசு நிலையங்களில் 14.3, தனியார் நிலையங்களில் 47.4. மாநில எல்லையைக் கடந்தால் பெண்ணுடல் மாறிவிடுவதில்லை. மக்கள்தொகை அளவில் சிசேரியன் 10 விழுக்காட்டைத் தாண்டிய பின் தாய்சேய் இறப்பு அதனால் மேலும் குறைவதாகச் சான்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. ஓரிடத்தில் கத்தி மிகுதி. மற்றோரிடத்தில் தேவைப்படுவோருக்கும் அது கிட்டுகிறதா என்பதே ஐயம்.

இங்கே இலக்கணம் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழில் ‘சிசேரியன் ஆகிவிட்டது’ என்கிறோம். தெலுங்கில் ‘ஆப்பரேஷன் அயிந்தி’. இந்தியில் ‘ஆப்பரேஷன் ஹோ கயா’. மூன்றிலும் வினைமுதல் இல்லை. மழை பெய்ததுபோல் அறுவை நிகழ்ந்துவிடுகிறது. முடிவெடுத்தவர் யார், எக்காரணத்தால் என்பதற்கு வாக்கியத்தில் இடமே இல்லை. சந்தையின் இலக்கணமோ இதற்கு நேரெதிர். அங்கே வினைமுதல் ஒருத்தி மட்டுமே: நீ பயின்றால், நீ நம்பினால், நீ உறுதியாக இருந்தால். எனவே அறுவை தேவைப்பட்டால் தோற்றவளும் அவளே. முதல் இலக்கணம் நிறுவனத்தை மறைக்கிறது. இரண்டாவது, நிறுவனத்தின் பொறுப்பையும் தாயின் தலையில் ஏற்றுகிறது.

அந்தச் சந்தையில் ஒருவரை மட்டும் காணவில்லை: மருத்துவச்சி. வட இந்தியாவில் ‘தாயி’ எனப்படும் மருத்துவச்சியருள் பெரும்பாலோர் தலித் பெண்கள். தொப்புள்கொடி அறுப்பதைத் தீட்டென்று அவர்கள்மேல் சுமத்திய சமூகம், அவர்களுடைய அறிவை இன்று பயிற்சி வகுப்பாக்கி விற்கிறது; கற்பித்தவளுக்குக் கடையில் இடமில்லை. பாரம்பரியம் என்று பேசுவோர் முதலில் விடைகூற வேண்டிய கேள்வி இது.

படித்தவர்கள் தம் செலவில் தெரிவு செய்வதில் என்ன தவறு என்று கேட்கப்படலாம். தவறில்லை. ஆனால் விலை கொடுத்தால் மட்டும் கிடைப்பது தெரிவாகாது, சலுகை. அவர்கள் விலை கொடுத்துப் பெறுவது என்ன? பிரசவ அறையில் விரும்பிய துணை, விரும்பிய நிலையில் பெறும் உரிமை, வழக்கத்துக்காகச் செய்யப்படும் வெட்டும் தையலும் இல்லாமை. இவை அனைத்தையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைகள் எல்லாப் பெண்களுக்கும் உரியவையாகக் கூறுகின்றன. பயிற்சி பெற்ற மருத்துவச்சியரை அரசு மருத்துவமனைகளில் அமர்த்த ஒன்றிய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். தெலங்கானா அதற்கு முன்பே செவிலியருக்கு இப்பயிற்சியைத் தொடங்கிவிட்டது. ஆக, பாதை உண்டு. அதை வற்புறுத்தும் குரல்தான் போதவில்லை.

அக்குரலை எழுப்ப வல்ல நடுத்தர வர்க்கமோ சந்தையில் தனக்கென ஒரு தீர்வை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் சிசேரியன் விழுக்காட்டை வாசலில் எழுதி வைக்கட்டும். ஒவ்வோர் அறுவைக்கும் காரணத்தைத் தாய்க்கு அவள் மொழியில் எழுதிக் கொடுக்கட்டும். அரசுப் பிரசவ அறை ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவச்சி இருக்கட்டும். ‘ஆகிவிட்டது’ என்ற சொல்லுக்குப் பின்னால் யாரும் ஒளிய முடியாத அந்நாளில், ‘இயற்கை’ என்ற அடைமொழியை எவரும் விலை கொடுத்து வாங்க வேண்டியிராது.