டயட் இருந்தும் எடை திரும்ப ஏறுவது ஏன்? பசி ஹார்மோன் பின்னணி என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களில் பலருக்கு நாள் முழுக்க தையல் மிஷின் முன்னாடி உட்கார்ந்த வேலை. எடை கூடினால் வீட்டில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "வாயைக் கட்டு". பதிலும் ஒன்றுதான்: "எனக்கு மெட்டபாலிசமே ஸ்லோங்க".

இரண்டுமே முழு உண்மை இல்லை.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ள பெண்கள் 2015-16ல் 30.9%. 2019-21ல் அது 40.4% ஆகிவிட்டது. இத்தனை பேருக்கும் திடீரென்று மனக்கட்டுப்பாடு போய்விட்டதா என்ன?

மெட்டபாலிசம் உண்மையிலேயே ஸ்லோவா?

சும்மா படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், தசை எல்லாம் சக்தியைச் செலவழிக்கும். இதுதான் ஓய்வுநிலை வளர்சிதை மாற்றம். பருமனான உடலில் இந்தச் செலவு பொதுவாக அதிகம்தான், குறைவு இல்லை. பெரிய வண்டிக்கு டீசல் கூடுதலாக வேண்டும் இல்லையா, அதுபோல. செலவு கூடினால் பசியும் கூடும்.

"போதும்" என்று மூளைக்குச் சொல்வது லெப்டின். கொழுப்புத் திசுவில் சுரப்பது. பருமனானவர்களுக்கு இது நிறையவே இருக்கும். ஆனால் மூளை அதைச் சரியாகக் காதில் வாங்காது.

எடை குறைந்ததும் என்ன நடக்கிறது?

சிக்கலே இங்கேதான். லெப்டின் சட்டென்று இறங்கும். வயிற்றில் சுரக்கும் பசி ஹார்மோன் கிரெலின் ஏறும். 2011ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், டயட் முடிந்து ஓராண்டு ஆன பிறகும் இந்த மாற்றம் நீடித்தது.

இன்னொரு பக்கம் உடல் செலவையும் சுருக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் எடைக்குறைப்பு டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை 6 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். அவர்கள் உடல் அளவுக்கு எதிர்பார்த்ததைவிட தினமும் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவானது. கிட்டத்தட்ட ஒரு வேளை சாப்பாடு! இழந்த எடையில் பெரும்பகுதியும் திரும்பியிருந்தது.

ஊசி போட்டால் தீருமா?

2025ல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, வீகோவி ஊசிகள் பசியைத்தான் அடக்குகின்றன. வீகோவியில் இருக்கும் செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியதாக ஓர் ஆய்வு சொல்கிறது. ஆகவே மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், ஓய்வுநிலைச் செலவு இன்னும் இறங்கும். அதனால்தான் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரத உணவும், தசைக்கு வேலை தரும் உடற்பயிற்சியும் வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து அடுப்படியிலும் நிற்கும் பெண்ணுக்கு அந்த நேரத்தை யார் ஒதுக்கித் தருவது?