எண்பது பக்க நோட்டு



புத்தகத் திருவிழாவில் பை நிறைய நாவல் வாங்கிப் போகிறவர்களுக்கு என் ஒரே சிபாரிசு: கூடவே ஒரு எண்பது பக்க நோட்டும் வாங்கிவிடுங்கள், படித்ததை எழுதி வைக்க. தலைப்பு, ஆசிரியர், முடித்த தேதி என்று நிறுத்தினால் மளிகைக் கணக்காகிவிடும். மார்க் போடுவதும் வேண்டாம். பத்து வருஷம் கழித்துப் படித்தால் மார்க் மாறும். 'இதை எந்த நாவலோடு சேர்த்துப் படிக்கலாம்?' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒரு ஜோடி இருக்கிறது. விராலிமலை தாண்டி மதுரைப் பக்கம் போகிறவர்களுக்குக் கொடும்பாளூர் மூவர் கோயில் தெரியும். பூதி விக்கிரமகேசரி கட்டிய மூன்று கோயில்களில் இரண்டுதான் இன்று நிற்கின்றன. அந்தப் பூதி விக்கிரமகேசரிதான் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் வரும் பெரிய வேளார். அவர் தம்பி மகள் வானதி, தகப்பனை ஈழப் போரில் பறிகொடுத்தவள். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' அடுத்த தலைமுறைக் கதை, ராஜேந்திர சோழன் காலம். அதில் நாயகனே கொடும்பாளூர் இளவரசன் இளங்கோ. அவனும் ஈழம் போகிறான், பாண்டியர் மணிமுடியை மீட்கும் படையோடு.

தனித்தனியே படித்தபோது இரண்டுமே எனக்குச் சோழர் கதைதான். நோட்டில் அடுத்தடுத்து எழுதியபோதுதான் உறைத்தது: கல்கிக்குக் கொடும்பாளூர் சோழருக்குப் பெண் கொடுக்கும் சம்பந்தி வீடு. அகிலனுக்கோ கதை புறப்படும் வீடே அதுதான். அகிலன் 1922இல் நம் பெருங்களூரில் பிறந்தவர் என்பது இதற்குக் காரணமா? இருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. 1963இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியதும் அந்த நாவல்தான். ஆனால் ஆளைக் கண்முன் நிறுத்துவதில் என் ஓட்டு கல்கிக்கே. பயந்து மயங்கி விழும் வானதி மனசில் தங்குகிற அளவுக்கு, வாளெடுத்த இளங்கோ தங்கவில்லை. பெருங்களூர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம்!

எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதி உருவாக்கிய ஞானாலயா நூலகம் முதல் பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்த இடம். பழைய பதிப்பையும் கையிலிருக்கும் பதிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முன்னுரை காணாமல் போயிருப்பதோ, படங்கள் உதிர்ந்திருப்பதோ தெரியவரும். நாவலை நாவலோடு மட்டுமல்ல, தன்னோடேயும் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

நல்ல நாவல் எது என்று பட்டியல் போட்டே ஊர்ப்பட்ட பகையைச் சம்பாதித்தவர் விமர்சகர் க.நா.சு. நம் நோட்டு அச்சேறப் போவதில்லை, துணிந்து எழுதலாம். ஒரே ஒரு ஜோடியை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள்: இரண்டு நாவல், எதில் ஒத்துப்போகின்றன, எதில் முட்டிக்கொள்கின்றன, ஒரு பக்கத்துக்குள். வானதிக்கும் இளங்கோவுக்கும் வழக்கு என்று வந்தால் இரு தரப்பையும் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்