இயற்கை ஆயுதமும் எல் டோர் கிருமியும்

2022 ஜூலை தொடக்கத்தில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகளுக்கும் சில நாள் விடுமுறை விட்டார்கள். குடிநீரில் குளோரின் இடும் வேலை மும்முரமாக நடந்தது.

காலராக் கிருமியை எதிர்க்க நம் குடலிலேயே ஆயுதம் உண்டு. குடற்சுவர் சுரக்கும் சில பெப்டைடுகளே அவை. அவற்றுள் ஒன்றான எல்.எல்.-37 என்பது 37 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. "இவை இயற்கையானவை, இவற்றை மருந்தாக்கினால் கிருமிகளால் எதிர்த்து நிற்க முடியாது" என்று நம்புவோர் உண்டு. மாணவர்கள் இதை ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. காலராக் கிருமியே இதற்குச் சாட்சி.

காலராக் கிருமியின் வெளிச்சவ்வு எதிர்மின்னூட்டம் உடையது. இவ்வகைப் பெப்டைடுகளோ நேர்மின்னூட்டம் உடையவை. ஆகவே அவை சவ்வில் ஒட்டிக்கொண்டு அதைக் கிழித்துவிடுகின்றன. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் பாலிமிக்சினும் இப்படித்தான் கொல்கிறது. பழைய காலராக் கிருமி வகை பாலிமிக்சினுக்கு மடியும். 1961இல் இந்தோனேசியாவில் கிளம்பி 1964இல் இந்தியாவுக்குள் வந்த எல் டோர் வகையோ மடியாது. (சினாய்க் கரையிலுள்ள ஓர் ஊரின் பெயர் அது.) தன் சவ்வுக் கொழுப்பில் கிளைசின் என்னும் எளிய அமினோ அமிலத்தை ஒட்டவைத்து எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது என்பது 2012இல் விளங்கியது. இத்தனைக்கும் பாலிமிக்சின், காலராவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்தே அல்ல!

வேடிக்கை என்னவென்றால், 2012 முதல் கொல்கத்தாவில் பாலிமிக்சினுக்கு மடியும் எல் டோர் கிருமிகள் தோன்றிப் பெருகின. கவசத்தைக் கழற்றிய பிறகும் அவை நோயை உண்டாக்கத் தவறவில்லை. ஆகவே பெப்டைடு மருந்து வந்தாலும் குளோரின் கலந்த குடிநீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் வேண்டியவையே.

பாலிமிக்சின் குடும்பத்தைச் சேர்ந்த கோலிஸ்டின், வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்குக் கடைசியாகக் கொடுக்கப்படுவது. அதையே கால்நடைத் தீவனத்திலும் கலந்தார்கள். அதை எதிர்க்கும் மரபணு ஒன்று பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவுவதை 2015இல் சீன விஞ்ஞானிகள் வெளியிட்டனர். தந்திரம் அதேதான், ஒட்டவைக்கும் பொருள் மட்டும் வேறு. 2019இல் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. நல்ல முடிவு. கோழிப் பண்ணைகளில் மட்டுமன்றி, நம் கடற்கரையோர இறால் குட்டைகளிலும் அத்தடையைக் கண்டிப்புடன் அமல்படுத்த வேண்டும்.