பணம் நடுவழியில் நின்றால் பதில் வேண்டும்
உத்திரமேரூர் வட்டாரக் கிராம மக்களின் கோரிக்கைச் சாசனம்

ரிசர்வ் வங்கிக்கும், யுபிஐ சேவையை நடத்தும் என்பிசிஐ-க்கும், வங்கிகளுக்கும், காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கும்:

நூறு நாள் வேலைக் கூலியும், 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகையும் வங்கிக் கணக்குக்கே வருகின்றன. ஆனாலும் எங்களில் பலர் அதை ரொக்கமாக எடுத்துத்தான் செலவழிக்கிறோம். படிப்பில்லாததுதான் காரணம் என்று சொல்வது அநியாயம். செல்போனில் செலுத்திய ஐந்நூறு ரூபாய் கணக்கில் கழிந்து கடைக்காரருக்குப் போய்ச் சேராவிட்டால், கூலி வீட்டில் அந்த வார மளிகையே நின்றுபோகும். யாரிடம் கேட்பது?

இதற்கு விதி இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்தது. யுபிஐ-யில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதென்றால் ஐந்து நாளுக்குள். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. கிராமத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? குடவோலைத் தேர்தல் விதிகளைப் பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிவைத்த ஊர் இது. இந்த விதியை ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் ரேஷன் கடையிலும் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வையுங்கள்.

மோசடியில் பணம் இழந்தவர் 1930 உதவி எண்ணுக்கு அழைத்த பிறகு கிளைக்கு வந்தால், எழுத்துமூலப் புகாரை அன்றே வாங்கி ரசீது தர வேண்டும். "அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

பல பெண்களின் கணக்கில் இருப்பது கணவர் அல்லது மகனின் செல்போன் எண். அந்த எண் இல்லாமல் யுபிஐ செயலியில் பதிவே நடக்காது. எண்ணை மாற்ற வரும் பெண்ணுக்கு ஒரே நடையில் வேலை முடிய வேண்டும். பதிவின்போது சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போயாக வேண்டும். ரீசார்ஜ் முடிந்திருந்தால் அதுவும் போகாது. அந்த ஒரு எஸ்எம்எஸ்ஸை இலவசமாக்குங்கள்.

பட்டன் போனுக்கென்று 2022 மார்ச்சில் யுபிஐ 123பே வந்தது. இன்டர்நெட் வேண்டாத வழி. வங்கி முகவர்கள் அதைத் தெருத்தெருவாகச் சொல்லித்தரட்டும். அந்த வேலைக்கு அவர்களுக்குத் தனி ஊதியம் கொடுங்கள்.

இவையெல்லாம் நடக்கும்வரை ரொக்கம் கொடுப்பவரை எந்தக் கவுன்டரிலும் திருப்பி அனுப்பக் கூடாது.

அக்டோபர் 2 கிராம சபைக்கு அந்தந்தப் பகுதி வங்கி மேலாளர் நேரில் வர வேண்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனை பேருக்குப் பணம் திரும்பியது, எத்தனை பேருக்கு இழப்பீடு வரவு வைக்கப்பட்டது என்ற கணக்கைச் சபையில் படிக்க வேண்டும்.