மெனோபாஸ்: ஜெல், க்ரீம்... எது எதற்கு?

பஸ்ஸில் போக வேண்டிய நாளென்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். சிறுநீர் கழித்தால் எரிச்சல், அடிக்கடி தொற்று, தாம்பத்தியம் என்றாலே வலி. மகளிடம்கூடச் சொல்லக் கூச்சம். மெடிக்கல் ஷாப்பில் 'அரிப்புக்கு ஒரு க்ரீம்' என்று கேட்டு வாங்கித் தடவிக்கொள்வார். ஐம்பதைத் தொட்ட பெண்கள் பலர் இப்படித்தான் நாள்களைக் கடத்துகிறார்கள். 'வயசானா அப்படித்தான்' என்று சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

ஏன் இந்த எரிச்சல்?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது மெனோபாஸ். அப்போது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வெகுவாகக் குறைகிறது. பிறப்புறுப்பிலும் சிறுநீர்ப்பாதையிலும் உள்ள தோல் மெலிந்து உலர்கிறது. அங்கே காவல் காக்கும் நல்ல பாக்டீரியாக்களும் குறைவதால் தொற்று எளிதாக வருகிறது. திடீரென உடல் கொதிக்கும் 'ஹாட் ஃப்ளாஷ்' பெரும்பாலும் சில வருடங்களில் அடங்கிவிடும். வறட்சி அப்படியல்ல, கவனிக்காவிட்டால் கூடிக்கொண்டே போகும்.

க்ரீம் - அந்த இடத்துக்கு மட்டும்

பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் வறட்சி, வலி, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று ஆகியவற்றைக் குறைக்கும். பொதுவாக முதல் இரண்டு வாரங்கள் தினமும் இரவில், பிறகு வாரம் இருமுறை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும் என்பதால், ஹாட் ஃப்ளாஷுக்கு இது உதவாது.

ஜெல், பேட்ச் - உடல் முழுவதற்கும்

ஹாட் ஃப்ளாஷ், இரவு வியர்வை, அதனால் கெடும் தூக்கம் ஆகியவற்றுக்குத் தோலில் தடவும் ஜெல்லோ, ஒட்டும் பேட்ச்சோ பரிந்துரைக்கப்படும். மருந்து தோல் வழியாக நேராக ரத்தத்தில் சேரும். மாத்திரையைப் போல முதலில் கல்லீரலுக்குப் போகாததால், ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. ஆனால், கருப்பை இருப்பவர்கள் இதனுடன் புரோஜெஸ்டிரோனும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கருப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய் வரை போகலாம்.

ஜெல்லை மார்பகத்தில் தடவக் கூடாது. தடவியதும் கைகழுவுங்கள். அது உலரும்வரை பேரக்குழந்தையைத் தூக்காதீர்கள்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

2002-ல் அமெரிக்காவில் 16,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. ஹார்மோன் என்றாலே பயம் வந்தது அதன் பிறகுதான். ஆனால், அவர்கள் எடுத்தது இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரை. சராசரி வயதும் 63. 60 வயதுக்குள், மெனோபாஸ் வந்து 10 வருடங்களுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பலருக்கு ஆபத்தைவிட நன்மை அதிகம் என்பதே இன்றைய மருத்துவக் கருத்து.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் வந்தவர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெனோபாஸுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே பரிசோதனை அவசியம். அரிப்புக்குச் சர்க்கரை நோயும் காரணமாக இருக்கலாம். கடையில் கேட்டு வாங்கும் க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. அதைத் தொடர்ந்து தடவினால் மெலிந்த தோல் இன்னும் மெலியும்.

மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது 'அங்கே வறட்சி, எரிச்சல்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் தினமும் கேட்கும் பிரச்னைதான் இது. அம்மா தண்ணீர் குடிக்கத் தயங்குவதைக் கவனித்தால், மகள்களே முதலில் பேச்சை எடுங்கள்!