பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லத்தான் வேண்டுமா?

கோடை விடுமுறை தொடங்கியதும் பலெர்மோவில் வாழும் எம்மவரின் சிறிய வீடுகள் விருந்தினரால் நிரம்பிவிடுகின்றன. ஜேர்மனியிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் உறவினர் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குகின்றனர். கடற்கரைக்கு அடுத்தபடியாக அவர்கள் கேட்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கப்புச்சின் துறவிகளின் நிலவறைக் கல்லறை. சுற்றுலாக் கையேடுகள் அனைத்தும் அதனைப் பலெர்மோவின் அதிசயம் என்றே வர்ணிக்கின்றன. அவ்விடம் சிறு பிள்ளைகளுக்கு உரியதுதானா என்பதை நாம் ஆற அமரச் சிந்தித்தல் நன்று.

முதலில் அவ்விடத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தம் மடத்தின் புதைகுழிகள் போதாமற்போகவே, கப்புச்சின் துறவிகள் நிலத்தின் கீழ்ப் புதிய அறைகளைக் குடைந்தனர். 1599ஆம் ஆண்டில் சில்வெஸ்திரோ என்னும் துறவியின் உடல் முதலாவதாக அங்கு வைக்கப்பட்டது. உடல்களை மூடிய அறைகளிற் பல மாதங்கள் கிடத்தி, நீர் வற்றிய பின்னர் காடியாற் கழுவி, உடை அணிவித்துச் சுவரோரமாக நிறுத்தினர். காலப்போக்கில் நகரத்துச் செல்வரும் அவ்வுரிமையை வேண்டிப் பெற்றனர். துறவிகள், ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எனத் தனித்தனிப் பகுதிகள் அமைந்தன. உறவினர் வந்து தம் இறந்தோரைக் கண்டு, அவர்தம் உடைகளைச் சீர்செய்து, செபித்துச் சென்றனர். அன்று அது வேடிக்கை பார்க்கும் இடமாக இருக்கவில்லை. உறவு தொடர்ந்த இடமாகவே இருந்தது.

இன்று அங்கு செல்வோரில் மிகப் பலர் தேடுவது ரொசாலியா லொம்பார்தோ என்னும் குழந்தையை. தன் இரண்டாவது பிறந்த நாளுக்குச் சில நாட்கள் இருக்கையில், 1920 டிசெம்பரில் அவள் இறந்தாள். அல்பிரேதோ சலாபியா என்பவர் பக்குவப்படுத்திய அவ்வுடல் இன்றும் உறங்குவது போலவே காட்சியளிக்கின்றது. அவர் கையாண்ட கலவையின் விபரம், அவருடைய கையெழுத்துக் குறிப்பிலிருந்து 2009இல் வெளியாயிற்று. அக்குழந்தை கண்களைத் திறந்து மூடுவதாகக் காட்டும் ஒளிப்படத் துண்டுகளும் உலகெங்கும் பரவியுள்ளன. அவளுடைய இமைகள் முழுமையாக மூடப்பட்டவை அல்ல. சாளரத்து ஒளியின் கோணம் மாறும்போது கண் திறப்பது போன்ற தோற்றம் உண்டாகின்றது. ஆய்வாளர் இதனைத் தெளிவாக விளக்கியுள்ளனர். பிள்ளைகளைச் சென்றடைவதோ விளக்கம் அன்று, படந்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஏழும் ஐந்தும் வயதுடைய இரு பிள்ளைகளோடு வந்த உறவினருக்குத் துணையாக நானும் சென்றிருந்தேன். சின்னவள் கண்ணாடிப் பேழையின் முன் நெடுநேரம் நின்றாள். கண்கள் திறக்கவில்லை. "பொய்" என்று சொல்லி, வெளியே போவோம் எனத் தாயின் கையை இழுத்தாள். ஏமாற்றம் அவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதனை எழுதியிருக்கமாட்டேன். சுவரோரம் நின்ற உருவங்களைப் பார்த்துக்கொண்டே வந்த மூத்தவன், "அப்பப்பாவையும் இப்படித்தான் எங்கேயோ வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டான். அவனுடைய அப்பப்பா 2009இல் வன்னியில் இறந்தவர். அவருடைய உடலை மக்கள் எவரும் காணவில்லை. தாய் விடை சொல்லவில்லை.

இதற்காக நாம் அவ்விடத்தைக் குறை கூறுதல் முறையன்று. அது கல்லறை. அங்கு படம் பிடித்தல் தடுக்கப்பட்டிருப்பதும் இறந்தோருக்குரிய மதிப்புக் கருதியே. கல்லறையை வேடிக்கைக்கூடமாக எண்ணிச் செல்வோருக்கு ஏமாற்றமன்றி வேறென்ன கிட்டும்?

"சாவைப் பிள்ளைகள் அறியத்தானே வேண்டும்? ஊரில் நாமெல்லாம் செத்தவீடு பார்த்து வளர்ந்தவர்கள்தானே?" என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். ஆயின் ஊரில் நாம் கண்ட சாவுக்கு ஒரு பெயர் இருந்தது. ஓர் உறவு இருந்தது. நேற்றுவரை எம்மைத் தூக்கி வைத்திருந்த பெரியப்பாவோ, அயல்வீட்டு ஆச்சியோ அங்கே கிடத்தப்பட்டிருந்தனர். ஒப்பாரி இருந்தது. எட்டுச்செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் துயரத்துக்கு ஒரு கரை கட்டின. அழுவதற்கும் அழுகையை நிறுத்துவதற்கும் பிள்ளை அங்கே கற்றுக்கொண்டது. நிலவறையில் அது காண்பது பெயரறியா மண்டையோடுகளை. அச்சம் உண்டாகலாம், அலுப்பும் உண்டாகலாம். சாவைப் பற்றிய அறிவு உண்டாகாது.

பலெர்மோவிற் பிள்ளைகளுக்குக் காட்டத்தக்கவை இல்லாமற் போகவில்லை. அதே ரொசாலியா என்னும் பெயருடைய புனிதையின் குகை பெல்லெக்கிரினோ மலையில் உள்ளது. 1624இல் கொள்ளைநோய் நகரை வாட்டியபோது அவருடைய எலும்புகள் அங்கே கண்டெடுக்கப்பட்டன என்பதும், அவை நகரெங்கும் கொண்டு செல்லப்பட்டபின் நோய் தணிந்தது என்பதும் இந்நகர மக்களின் நம்பிக்கை. எம்மவருள் சைவரும் கத்தோலிக்கரும் வேறுபாடின்றி அம்மலையேறி நேர்த்தி வைப்பதைப் பலெர்மோ மக்கள் நன்கறிவர். குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகரப் பீலிகள் ஏந்திச் செல்வதைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து நிற்பர். தாவரவியற் பூங்காவில் 1845இல் கொண்டுவரப்பட்ட பெருமரம் ஒன்று விழுதூன்றி நிற்கின்றது. அது எமது ஆலமரத்தின் இனத்தது. ஆலமரத்தைப் படத்தில் மட்டும் கண்ட பிள்ளைகள் அதன் விழுதுகளினூடே ஒளிந்து பார்க்கலாம்.

நிலவறைக்கு எவரும் செல்லலாகாது என்பது என் வாதமன்று. பதின்மூன்று, பதினான்கு வயதை எட்டிய பிள்ளைகளை, வரலாற்றை முன்னரே கூறி அழைத்துச் செல்லலாம். கண் திறக்கும் கதையைச் சொல்லாமல், மகளை இழந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லி அழைத்துச் செல்லலாம். அதற்கு முன்னர் நாம் செய்யவேண்டிய கடமை ஒன்றுண்டு. கல்லறையின்றிப் போன எம் உறவினரின் படங்களை வீட்டில் எடுத்து வைத்து, அவர்களுடைய பெயர்களையும் தொழிலையும் குணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சிறுவனின் கேள்விக்குரிய விடையை வீட்டிலே, உரிய காலத்திலே, பெற்றோர் வாயாலேயே அவன் கேட்டிருக்க வேண்டும்.