பத்துப் பேரும் தூங்கினார்கள்

மும்பையில் தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து செம்பூர் வரை தமிழ்ச் சபைகளில் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. விழித்திருக்கிற கிறிஸ்தவன் என்றால் முழு இரவு ஜெபத்தில் கண் அசராதவன். போரோ பூகம்பமோ கொள்ளைநோயோ, எது வந்தாலும் அதில் கிறிஸ்துவின் வருகைக்கான அடையாளத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன். ஆதார் வந்தபோது அந்திக்கிறிஸ்துவின் எண்ணான 666 என்றவர்கள், கொரோனா தடுப்பூசி வந்தபோதும் அதே எண்ணைச் சொன்னார்கள். இதைப் பக்தி என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னிகைகளின் உவமையைத்தான் இவர்கள் தூக்கிப் பிடிப்பார்கள். விடிந்ததும் மாட்டுங்காவில் நாலு வீட்டு வேலைக்குப் போகவேண்டிய அக்கா, நள்ளிரவு தாண்டிய பாட்டில் தலை சாய்ந்துவிட்டால், புத்தியில்லாத கன்னிகை என்று மேடையிலிருந்தே கிண்டல் வரும். உவமையை வாசித்துவிட்டுத்தான் பேசுகிறார்களா? மணவாளன் வரத் தாமதமானபோது பத்துப் பேருமே தூங்கிப்போனார்கள், புத்தியுள்ள ஐந்து பேரும் உட்பட. தூங்கியதற்காக அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. கதவு அடைபட்டது விளக்குக்கு எண்ணெய் இல்லாதவர்களுக்கு. அந்த எண்ணெயோ கடை திறந்திருக்கும்போதே வாங்கி வைத்திருக்க வேண்டியது.

கெத்செமனேயில் தூங்கிய சீஷர்களை இயேசு கடிந்துகொண்டாரே என்பார்கள். கடிந்துகொண்டார்தான். ஆனால் அங்கே அவர் கேட்டது வேதனையிலிருந்த தமக்கு ஒரு மணி நேரத் துணை. வானத்தில் குறி பார்க்கச் சொல்லவில்லை. தூங்கியவர்களின் உடல் பலவீனத்தையும் அவரே எடுத்துச் சொன்னார். நம் மேடைகளுக்கு அந்த இரக்கம்கூட இல்லை.

நாள் குறிக்கிற வியாதி பழையது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22ஆம் தேதி வானத்தைப் பார்த்துக் காத்திருந்து அழுதுகொண்டு வீடு திரும்பினார்கள். திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்த போதகர் ஜஸ்டஸ் ஜோசப் 1881இல் கிறிஸ்து வருவார் என்று முழங்கினார். வந்தது யுயோமயம் என்ற தனிச் சபைதான். ஹெரால்ட் கேம்பிங் குறித்த 2011 மே 21ஆம் தேதியும் மற்ற சனிக்கிழமைகளைப் போலவே கழிந்தது. அந்த நாள் குமாரனுக்கே தெரியாது என்று மாற்கு 13இல் இயேசுவே சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரியாதது வாட்ஸ்அப்பில் தெரிந்துவிடுகிறது!

பயம் இருந்தால்தான் ஜனம் ஒழுங்காக இருக்கும் என்பது பாஸ்டர்மாரின் பதில். ஆனால் வருகைப் பரபரப்பு பிடித்திருந்த தெசலோனிக்கே சபையில்தான் வேலைவெட்டியில்லாமல் வம்பு பேசித் திரிந்தவர்கள் இருந்தார்கள். போய் உழைத்துச் சாப்பிடச் சொன்னார் பவுல்.

கன்னிகைகளின் உவமைக்குச் சற்று முன்னால், 24ஆம் அதிகாரத்தின் கடைசியில், எஜமான் இல்லாத வீட்டு வேலைக்காரனின் கதை வருகிறது. அதைப் பற்றிய பிரசங்கம் அபூர்வம். நல்ல வேலைக்காரன் மற்றவர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டான். கெட்டவன் உடன்வேலைக்காரரை அடித்தான். எஜமான் வந்து விசாரித்தது இதைத்தான். எத்தனை மணிவரை விழித்திருந்தாய் என்று கேட்கவில்லை.

இந்தக் கதைக்குத் தாராவியில் இப்போது வேலை இருக்கிறது. புனரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்காரருக்குத் தாராவியிலேயே இலவச வீடு. பின்னால் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வெளியே எங்கோ. அதற்கும் காகிதம் வேண்டும். மாடியில் வாடகைக்கு இருப்பது பெரும்பாலும் நம் ஊர்க்காரர், சில நேரம் நம் சபைக்காரர். வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பாயில் உட்காருகிறார்கள். அந்திக்கிறிஸ்துவின் முத்திரையைப் பற்றி விடியவிடியப் பேசிய அண்ணாச்சி, காலையில் கணக்கெடுக்க வந்தவரிடம், மேலே யாரும் குடியில்லை என்று சொல்லலாம். வாடகைக்கு ரசீது கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தட்டிக் கழிக்கலாம். இது சபையில் பாவமாகப் பேசப்படுவதில்லை. மாடியில் இருப்பவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்களா என்று ஆராதனையில் எழுந்து கேட்கிற பாஸ்டருக்கு அந்த மாதம் காணிக்கை குறையும்; வருகையைப் பற்றிப் பேசுகிறவருக்குக் குறையாது.